கரிசல் சீமையில் ஓர் ஓய்வு நாள்

ஓய்வு நாள் என்று ஒன்று கிடைத்துவிட்டால், அதிலும் துணைக்கு ஒருவரும் இல்லாமல் தனியாகக் கிடைத்துவிட்டால், நம்மில் பலருடைய எண்ணம் உடனே பெரிய பட்டணத்தை நோக்கித்தான் ஓடுகிறது. பட்டணத்தில் பொழுது போவது சுலபம் என்பதில் சந்தேகமில்லை. காலையில் மியூஸியம், மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு, சாயங்காலம் கடற்கரை, இரவில் சினிமா. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து, "நேற்று என்ன பார்த்தோம்?" என்று யோசித்தால், ஜனக் கூட்டத்தையும் பஸ் நெரிசலையும் தவிர வேறொன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

தனியாகப் பிரயாணம் செய்கிறவருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. குழந்தைக்குப் பால் வேண்டும், பாட்டிக்கு வெந்நீர் வேண்டும் என்ற கவலை கிடையாது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கலாம். பேச வேண்டியவர்களுடன் பேசலாம். இந்தச் சுதந்திரத்தைக் கடற்கரை மணலில் செலவழிப்பானேன்?

நம் வீட்டுச் சாமான்களைச் சற்றே கவனியுங்கள். அடுப்பங்கரையில் தீப்பெட்டி இருக்கிறது. கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. டப்பாக்களில் மிளகாய் வற்றலும் மல்லியும் பருப்பும் இருக்கின்றன. தீபாவளி வந்தால் மத்தாப்பும் வந்து சேர்கிறது. இத்தனை சாமான்களிலும் விருதுநகரின் கையோ சிவகாசியின் கையோ பட்டிருக்கக் கூடும். இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 25 கிலோ மீட்டர்தான். அந்தக் கைகளைத் தேடிக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள் என்பதே நான் சொல்ல வந்த யோசனை.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் பொழுது விடியும் சமயத்தில் விருதுநகர் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். மதுரைவாசிகளுக்கு ஒரு மணி நேரப் பிரயாணம். இறங்கியதும் ஆறு, சோலை, மாட மாளிகை என்று எதையாவது தேடினால் ஏமாற்றம்தான். மழை குறைந்த கரிசல் சீமை இது. வெயிலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. 1923-ஆம் ஆண்டு வரையில் இந்த ஊருக்கு விருதுபட்டி என்றுதான் பெயர். அதன் பிறகே 'பட்டி' போய் 'நகர்' வந்தது.

முதலில் வெயில் ஏறுவதற்குள் காமராஜர் பிறந்த வீட்டைப் பார்த்துவிடுங்கள். குறுகலான தெருவில் உள்ள சிறிய வீடு அது. இப்பொழுது அரசாங்கம் அதை நினைவில்லமாக வைத்துக் காப்பாற்றி வருகிறது. 1903-ஆம் வருஷம் ஜூலை 15-ஆம் தேதி காமராஜர் பிறந்தார். 1954 முதல் 1963 வரையில் ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தார். அக்காலத்திலும் அவருடைய தாயார் சிவகாமி அம்மாள் இந்த வீட்டில்தான் இருந்தார். முதல் மந்திரியின் தாயார் ஆயிற்றே என்று நகரசபையார் வீட்டுக்குள் தனியாகக் குழாய் வைத்துக் கொடுத்தார்கள் என்றும், மகன் அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டார் என்றும் ஊரில் சொல்வதுண்டு. வீட்டைப் பார்த்த பிறகு இந்தக் கதையை நம்புவது கஷ்டமாக இராது.

அந்த நகரசபைக்கும் அவருக்கும் வேறொரு சம்பந்தம் உண்டு. 1941-இல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் பதவியை ராஜினாமாச் செய்துவிட்டார். தேச சேவைக்கு நடுவே முழு நேரமும் கொடுக்க முடியாத பதவியை வைத்துக்கொண்டிருப்பது நியாயமல்ல என்பது அவருடைய எண்ணம்.

அடுத்தபடியாக அவர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலையை வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டும். இந்த ஊர் வியாபாரிகளிடையே 'மகமை' என்று ஒரு வழக்கம் உண்டு. நடக்கிற வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். வீட்டுப் பெண்களோ, உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்று வைப்பார்களாம். 'பிடியரிசிப் பள்ளிக்கூடம்' என்று பெயர் வந்த காரணம் அதுதான். காமராஜர் அங்கே அதிக காலம் படிக்கவில்லை. தகப்பனார் காலமாகி, குடும்ப நிலையினால் படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடைக்குப் போய்விட்டார். பின்னால் முதல் மந்திரியானதும், 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடும் திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் படிப்பதற்காக ஊரார் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்த தெருக்களில் வளர்ந்தவருக்கு, சோறும் படிப்பும் வேறு வேறாகத் தோன்றாததில் ஆச்சரியமில்லை.

இங்கிருந்து தேசபந்து மைதானத்துக்கு நடந்தே போகலாம். கரிசல் காட்டு ஊர் ஒன்று தன் மைதானத்துக்கு வங்காளத்துத் தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பட்டப் பெயரை வைத்திருப்பதிலிருந்தே, அக்காலத்தில் இங்கே தேசபக்தி எவ்வளவு வேகமாக இருந்தது என்பது தெரியும். ஆனால் இந்த மைதானத்தில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். அவர் தியாகி சங்கரலிங்கனார். கதர் உடுத்திய காந்தி பக்தர், பழைய காங்கிரஸ்காரர். சென்னை ராஜ்யத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயரிட வேண்டும் என்பது முதலான பன்னிரண்டு கோரிக்கைகளை வைத்து, 1956 ஜூலை 27-ஆம் தேதி உண்ணாவிரதம் ஆரம்பித்தார். இரண்டரை மாதம் உணவில்லாமல் கிடந்து, அக்டோபர் 13-ஆம் தேதி உயிர் நீத்தார்.

அப்பொழுது முதல் மந்திரியாக இருந்தவர் யார்? இதே ஊரில் பிறந்த காமராஜர்தான். ஊருக்குச் சோறு போட்டவரும், ஊர்ப் பெயருக்காகச் சோற்றைத் துறந்தவரும் ஒரே ஊர்க்காரர்கள். அதுவும் ஒரே வருஷத்தில்! இதில் யார் பக்கம் சரி, யார் பக்கம் தவறு என்று கூட்டமாக வருகிறவர்கள் வாதாடட்டும். தனியாக வந்தவர் ஒரு மரத்து நிழலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். 1967 ஜூலை 18-ஆம் தேதி சட்டசபை பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் நாளில், 'தமிழ்நாடு' என்ற பெயர் அமுலுக்கு வந்தது. சங்கரலிங்கனாருக்கு இப்பொழுது விருதுநகரில் மணிமண்டபம் இருக்கிறது.

பிற்பகலுக்கு முன்னால் கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். ஆனால் கைக்குட்டை அவசியம்! வற்றல் மூட்டைகளின் நெடி தும்மலை வரவழைத்துவிடும். வற்றல், மல்லி, உளுந்து, துவரை, கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மண்டிகள் வரிசையாக இருக்கின்றன. சுற்று வட்டாரத்தில் அதிகமாக விளையாத சரக்குக்குக்கூட இந்த ஊரில் விலை உண்டு. விருதுநகர் விலை நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் வெளியூர் வியாபாரிகள் பலர் பேரம் பேசுகிறார்கள். பசித்தால், ஊரின் பெயரைச் சொல்லும் எண்ணெய்ப் பரோட்டா இருக்கிறது. கல்லில் வாட்டுவதோடு விடாமல் எண்ணெயில் பொரித்தே எடுத்துவிடுகிறார்கள். மொறுமொறுவென்று இருக்கும். ஒன்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம் என்று வைத்தியர்கள் சொல்லக்கூடும். நிறுத்த முடிந்தவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

மத்தியான வெயிலில் பஸ்ஸிலோ ரயிலிலோ சிவகாசிக்குப் புறப்படுவோம். வழி நெடுகச் சீமைக் கருவேல மரங்கள். அவற்றுக்கு அப்பால், ஒன்றுக்கொன்று விலகி விலகி நிற்கும் சின்னஞ்சிறு கொட்டகைகள் சில இடங்களில் கண்ணில் படும். அவைதான் பட்டாசுத் தொழிற்சாலைகள். ஏன் அப்படி விலகி நிற்கின்றன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சிவகாசியின் கதை ஒரு துயரத்துக்குப் பிறகு தொடங்குகிறது எனலாம். நாடார்களுக்கு ஆலயப் பிரவேச உரிமை உண்டா இல்லையா என்ற சச்சரவு முற்றி, 1899-இல் இந்த ஊர் சூறையாடப்பட்டது. அதற்கு 23 வருஷங்கள் கழித்து, 1922-இல், இவ்வூர் வாலிபர்கள் இருவர் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். ஒருவர் அய்ய நாடார். மற்றவர் சண்முக நாடார். அங்கே சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923-இல் தொழில் தொடங்கினார்கள். அதுவரையில் நம் தேசத்துக்குத் தீக்குச்சி பெரும்பாலும் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. ஸ்வீடன் தேசத்துப் பெரிய கம்பெனியும் அதே சமயத்தில் இந்தியாவிலேயே தொழிற்சாலை அமைத்துப் போட்டிக்கு வந்தது. அந்த ராக்ஷஸ இயந்திரங்களுக்கு எதிரே கரிசல் காட்டுக்காரர்கள் நிறுத்தியவை மனிதரின் கைகளைத்தான்.

வெயிலும் கூட நின்றது. மழையில்லாத சீமையில் குச்சி சீக்கிரம் காய்கிறது. பசை சீக்கிரம் காய்கிறது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும் வெடியும் பிறந்தன. பெட்டிக்கு ஒட்டும் படத்தை வெளியூரில் அச்சடிப்பானேன் என்று அச்சுக்கூடங்கள் பிறந்தன. அங்கேயும் மை காய்வதற்கு வெயில் உதவிற்று! நேருஜி இவ்வூரைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பகுதி சிவகாசி வட்டாரத்தில் செய்ததுதான்.

அச்சுக்கூடத் தெருக்களில் நடப்பது ஒரு தனி சுகம். வருகிற வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆடிப் பெருக்கன்று வெளியிடுவது இங்கே வழக்கம். நாம் ஜனவரியில் சுவரில் மாட்டும் முருகனும் லக்ஷ்மியும் முந்தின ஆடியிலேயே இங்கே அவதாரம் செய்துவிடுகிறார்கள். வருஷம் முழுவதும் திறந்திருக்கும் பட்டாசுக் கடைகளில் நின்று விசாரிக்கலாம். பச்சை நிறத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்டிரான்ஷியம், மஞ்சளுக்கு ஸோடியம், நீலத்துக்குத் தாமிரம், வெள்ளிப் பொறிக்கு அலுமினியப் பொடி என்று நம் தீபாவளியின் ரசாயனம் முழுவதையும் கடைக்காரரே சில சமயம் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

தொழிற்சாலைக்குள் மட்டும் அந்நியர் போக முடியாது. போக ஆசைப்படவும் கூடாது. கொட்டகைகள் விலகி நிற்பதற்குக் காரணம் இதுதான்: ஒன்றில் தீப்பிடித்தால் மற்றொன்றுக்குப் பரவக் கூடாது. மருந்து கையாளும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓடித் தப்புவதற்குப் பல வாசல்கள் வேண்டும். அன்றன்றைக்கு வேண்டிய மருந்தைத்தான் கலக்க வேண்டும். இப்படியெல்லாம் விதிகள் உண்டு. தீபாவளி நெருங்கும்போது, ஆர்டர் குவியும்போது, சில இடங்களில் நாலு பேர் எட்டுப் பேர் ஆகிறார்கள். கொட்டகை போதாமல் மரத்தடியும் கொட்டகையாகிறது. ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் நாற்பது பேர் வரையில் மாண்டார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் பல விபத்துகள் நடந்திருக்கின்றன.

குழந்தைகளின் சங்கதியும் உண்டு. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இங்கே குச்சி அடுக்கிக்கொண்டும் பெட்டி ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள். அதற்காகத் தொடரப்பட்ட வழக்கில், 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பிள்ளையை ஆபத்தான வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும், பிள்ளை படிக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அந்த நிலைமை இப்பொழுது பெருமளவு மாறியிருக்கிறது. 2018 அக்டோபரில் அதே கோர்ட்டு, பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்து, தீபாவளியன்று வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணியாகக் குறைத்தது. நகரத்துக் காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் கரிசல் கிராமத்தில் வேலை குறைந்தால் அடுப்பு அணையும் என்பதும் உண்மைதான்.

சாயங்காலம் சிவகாசியிலிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள திருத்தங்கல் மலைக்குப் போய்விடுங்கள். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஸ்தலம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. சிலப்பதிகாரத்திலும் இவ்வூர் வருகிறது. வார்த்திகன் என்ற அந்தணன் செய்யாத திருட்டுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டான். அவன் மனைவி கார்த்திகை கதறி அழுதாள். கொற்றவை கோயிலின் கதவு மூடிக்கொண்டு திறக்க மறுத்தது. விஷயத்தை விசாரித்து அறிந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, இந்த ஊரையும் வயலூரையும் அவனுக்குக் கொடுத்தான். அதன் பிறகே கதவு திறந்தது.

அந்த நேரத்தில் மலை மேலிருந்து பார்த்தால், வேலை முடிந்து திரும்பும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் கிராமங்களுக்குப் போவது தெரியும். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பகலெல்லாம் அலுமினியப் பொடியில் அளைந்த கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வெள்ளிப் பளபளப்பு எளிதில் போவதில்லை. அவர்கள் நம்மிடம் ஊரோ பொன்னோ கேட்கவில்லை. அறைக்கு நாலு பேர் என்றால் நாலு பேர்தான் இருக்க வேண்டும். மாலையில் எல்லோரும் முழுசாக வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அதற்காகப் பெட்டிக்குச் சில ரூபாய் விலை கூடினால் நாம் முகம் சுளிக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் எங்கோ மறைவில் செய்து மலிவாக விற்கும் சரக்கைத் தொடவும் கூடாது.

செங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போகும் பொதிகை ரயில் இரவில் இந்த வழியாகத்தான் வருகிறது. வீட்டுக்குப் போகும்போது குழந்தைகளுக்கு ஒரு காலண்டரும், வீட்டு அம்மாளுக்கு ஒரு படி வற்றலும் கொண்டு போகலாம். வெடியை மட்டும் ரயிலில் ஏற்றாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.