ஃபார்மட் செய்யவா என்று கேட்டால்

டிவிடி ரெக்கார்டரின் ஹார்டு டிஸ்க் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: தட்டில் பிழை இருக்கிறது, ஃபார்மட் செய்யவா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது, அதற்கு என்ன பதில் அழுத்தினீர்கள் என்பதைத்தான். எதுவும் அழுத்தவில்லை என்றால் எனக்குப் பாதி வேலை குறைந்தது. தொலைபேசியில் கேட்பவர்களிடம், ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்பேன். பல ரெக்கார்டர்கள் நாம் எதையும் பதியாதபோதும், ஓடுகிற நிகழ்ச்சியைப் பின்னோக்கிப் பார்க்க வசதியாகத் தட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். நோயுற்ற தட்டில் அந்த எழுத்து எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு பதற்றம் எதற்கு? பிரிட்டனில் அனலாக் ஒளிபரப்பு கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்டு, 2012 அக்டோபர் 24 அன்று முழுவதும் நின்றது. அனலாக் ட்யூனர் மட்டுமே உள்ள ரெக்கார்டர்களுக்குத் தானாக எந்தச் சேனலும் கிடைக்காமல் போனது. ஆனால் முன்பக்கத்து ஏ.வி. துளைகளும், சில பெட்டிகளில் கேம்கோடருக்கான டி.வி. (DV) துளையும் அப்படியே இருந்தன. வீட்டில் கிடந்த வி.எச்.எஸ்., ஹை8 நாடாக்களை அவற்றின் வழியே தட்டில் ஏற்றி, பிறகு நிதானமாக வெட்டி டிவிடியில் எரித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைத்தார்கள். நாடாக்களை இடமடைக்கிறது என்று எறிந்தார்கள். டிவிடி எரிக்கும் நாள் வரவேயில்லை. ஒரு குழந்தையின் முதல் நடை, இறந்துபோன தகப்பனின் குரல், எல்லாம் ஒரே ஒரு மூன்றரை அங்குலத் தட்டில். வேறு தட்டு கிடைத்துவிடும். இந்தப் பதிவுகள் எங்கும் கிடைக்காது.

தட்டைக் குற்றம் சொல்லும் முன் நான் பவர் சப்ளையைத்தான் பார்ப்பேன். 230 வோல்ட் மின்சாரம் உள்ள நாட்டில் முதல்நிலைக் கெபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் தங்கும். அதை வடிக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்க வேண்டாம். தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட் கம்பியில் இரண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். உப்பிப்போன கெபாசிட்டரால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. மின்னழுத்தம் சரியும், தட்டு எழ முயன்று விழும், டக் டக் என்று சத்தம் வரும். உண்மையிலேயே இறக்கிற தட்டின் சத்தமும் இதேதான். அதனால் சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை, தட்டு எழும் கணத்தில் அளக்க வேண்டும். கெபாசிட்டரை மாற்றியதும் பழைய தட்டே எந்தக் குறையும் இல்லாமல் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்துத் தட்டைத் தூக்கி எறிகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தட்டுதான் காரணம் என்று உறுதியானால், அதைக் கழற்றி லினக்ஸ் ஓடும் கணினியில் மாட்டுவேன். விண்டோஸில் மாட்டினால் தனக்குப் புரியாத தட்டு என்று நினைத்து, 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று அது கேட்கும். பெட்டி கேட்ட அதே ஆபத்தான கேள்வி. குனு டிடிரெஸ்க்யூ என்ற நிரலின் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் எளிதாகப் படிக்க வருகிற பகுதிகளை எல்லாம் புதிய தட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளும். அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். நல்லது அனைத்தும் கைக்கு வந்த பிறகே கெட்ட இடங்களின் ஓரங்களைச் சுரண்டும். நடுவில் நிறுத்தினாலும் குறிப்புக் கோப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தட்டை ஃப்ரீஸரில் வைத்தால் உயிர் வரும் என்பதை நம்பிச் செய்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. வெளியே எடுத்ததும் ஈரம் படியும். தட்டிலிருந்து நானோமீட்டர் கணக்கில் மிதக்கும் தலைக்கு அந்த ஈரம் என்ன செய்யும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

நகல் கிடைத்த பிறகு தெரிவதுதான் எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பெரிய ஆறுதல். பெட்டி 'தட்டு கெட்டது' என்று அறிவிக்கும்போது பல நேரம் போயிருப்பது பொருளடக்கப் பக்கம் மட்டுமே, புத்தகம் அப்படியே இருக்கிறது. எந்தப் பதிவு எங்கே தொடங்குகிறது என்று பெட்டி குறித்துவைக்கும் பகுதியில் 512 பைட் கொண்ட ஒரு செக்டார் போனாலும் மொத்தத் தட்டையும் அது கைவிட்டுவிடும். அதே செக்டார் படத்தின் நடுவில் போனால் நட்டம் அற்பம். எம்பெக்-2 படத்தில் ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை முழுப் படம் ஒன்று வரும். இடைப்பட்டவை அதிலிருந்து மாறியதை மட்டும் சொல்பவை. ஆக, சதுரம் சதுரமாகக் கலைந்த திரை அடுத்த முழுப் படத்தில் தானே தெளிந்துவிடும். பெட்டியின் கோப்பு முறை எந்தக் கணினிக்கும் புரியாததாக இருந்தாலும் கவலையில்லை. டிவிடிக்கான படம் 2048 பைட் பொட்டலங்களாகவே எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொன்றும் 00 00 01 பிஏ என்ற நான்கு பைட்டுகளில் தொடங்கும். தட்டின் தொடக்கம் முதல் இறுதிவரை அந்த நான்கையும் தேடினால் பதிவுகள் துண்டு துண்டாகக் கிடைக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்பதையும் பொட்டலங்களே சொல்லும்: நொடிக்கு 90,000 எண்ணும் ஒரு கடிகாரத்தின் நேரம் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, குரலும் முகமும் சேர்ந்து ஓடத் தொடங்கும்போது உரிமையாளரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். அதைத் தனியாகப் பார்க்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றியதில்லை.

பெட்டியில் புதிய தட்டை மாட்டுகிற வேலை சிறியது. பழைய பெட்டிகளில் நாற்பது பின் ஐ.டி.இ. கேபிள். பழைய தட்டில் ஜம்பர் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் புதியதிலும். மூன்றரை அங்குலத் தட்டுக்கு 6-32 வகை ஸ்க்ரூ, பக்கத்து டிவிடி டிரைவுக்கு எம்3. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றித் திருகினால் மரை போய்விடும். ரப்பர் வளையங்களை விட்டுவிட்டால் இரவு அமைதியில் வீடு முழுக்க ரீங்காரம் கேட்கும். பின்புற விசிறியில் தூசு அடைத்திருந்தால் அதைத் துடைக்காமல் மூடக் கூடாது, பழைய தட்டைச் சூட்டில் வாட்டியது அதுவாகவும் இருக்கலாம். சில பெட்டிகள் தம்முடன் பதிவுசெய்யப்படாத தட்டை ஏற்பதில்லை. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் சர்வீஸ் ரிமோட்டும் சர்வீஸ் டிஸ்க்கும் வேண்டும். இதைத் தட்டு வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

அளவில்தான் ஆசை வேண்டாம். 80 ஜிபியோடு வந்த பெட்டியில் 160 போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். முகவரிக்கு 28 பிட் மட்டுமே பயன்படுத்தும் பழைய மென்பொருளுக்கு 137 ஜிபிக்கு மேல் உலகமே கிடையாது. சில அந்த எல்லையோடு நின்றுகொள்ளும். சில எல்லையைத் தாண்டியதும் தட்டின் தொடக்கத்துக்கே சுற்றிவந்து, அங்கிருப்பதன் மேல் எழுதிவிடும். இந்தப் பிழை முதல் நாளில் தெரியாது, தட்டு நிரம்பும்போதுதான் தெரியும். அதனால் பெரிய தட்டு வேண்டும் என்பவர்களின் பெட்டியை உடனே திருப்பித் தருவதில்லை. உயர்தர எக்ஸ்பி முறையில் 160 ஜிபி நிரம்ப ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும். விளிம்புவரை நிரப்பிவிட்டு, முதன்முதலில் பதிந்ததை ஓடவிட்டுப் பார்க்கிறேன். அது சரியாக இருந்தால் மூடியைத் திருகுகிறேன்.