ஆசாரத்துச் சிவப்புத் தரை

வீட்டை எடுத்துக் கட்டும்போது அம்மா ஒரே பிடியாக நின்றது ஒரு விஷயத்துக்குத்தான். ஆசாரத்துக்கு டைல்ஸ் கூடாது, பழையபடி காவித் தரைதான் வேண்டும். ஆசாரம் என்றால் எங்கள் கொங்குப் பக்கத்தில் வீட்டின் முன்கூடம். மதியம் அங்கே வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். "டைல்ஸ்ல படுத்தா குளுரு எலும்புக்குள்ள ஏறுது கண்ணு" என்பார்.

காவித் தரை என்று சொன்னாலும் இப்போது அது சிமெண்டும் ரெட் ஆக்சைடும்தான். பொருள் ஒன்றும் பெரிதில்லை. பத்து கிலோ சிமெண்டுக்கு ஒரு கிலோ ஆக்சைடு போதும், அதற்கு மேல் போனால் தரையின் பலம் குறையும். விலை எல்லாம் கை வேலைக்குத்தான். சிவப்புச் சாந்தைப் பூசிவிட்டு, அது இறுகுகிற பதம் பார்த்து, கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்க்கணும். சீக்கிரம் தேய்த்தால் தண்ணி மேலே வந்துவிடும், தாமதித்தால் கரண்டி வழுக்கும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆள் அங்கே இருக்கணும். உழவு ஈரம் மாதிரிதான், நமக்காகக் காத்திருக்காது.

எங்கள் ஊரில் இந்த வேலை தெரிந்தவர் ஒரே ஒரு கொத்தனார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பாதான் எங்கள் பழைய ஆசாரத்துக்குத் தரை போட்டவர். இவர் பத்து வருஷமாக டைல்ஸ் வேலைக்கும் சிலாப் வேலைக்கும்தான் போய்க்கொண்டிருந்தார். கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "அப்பன் போட்ட தரைய நானே பேத்துட்டு நானே போடறனுங் தம்பி" என்றார். ஆனி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உடுமலை, தாராபுரம் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சன்னலுக்கு இன்னும் கதவு மாட்டவில்லை. ஈரச் சாக்குக் கட்டி மறைத்துக்கொள்கிறேன், காற்று ஒன்றும் செய்யாது என்று அவரே சொன்னார்.

ஒன்பது கட்டமாகக் கோடு போட்டு மூன்று நாளில் முடித்தார். மூன்றாம் நாள் நான் தேங்காய் லோடு ஏற்றப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கொத்தனார் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு சிலாப் கான்கிரீட்டுக்கும் ஒத்துக்கொண்டிருந்தாராம், மத்தியானமே கிளம்பிவிட்டார். சித்தாள் அக்கா ஒருத்தர் மணியாசுக் கட்டையை வைத்துக்கொண்டு, இறுகிப்போன சாந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாக்குகள் நாலும் மூலையில் மடித்தபடி கிடந்தன.

அதற்கப்புறம் நாங்கள் களிமண் வரப்புக் கட்டித் தண்ணி நிறுத்தினோம். சாதா சிமெண்டுக்கு 7 நாள் போதும் என்பார்கள். எங்களது சாம்பல் கலந்த பிபிசி என்பதால் 10 நாள். தண்ணியை வடித்துக் காயவிட்டபோதுதான் லட்சணம் தெரிந்தது. கடைசி மூன்று கட்டத்திலும் சிலந்தி வலை மாதிரி மயிர்க்கோட்டு விரிசல். கலவைக்குக் கலவை ஆக்சைடை அளக்காமல் அள்ளிப் போட்டதில் ஒரு கட்டம் செங்கல் நிறம், ஒரு கட்டம் மாட்டு ஈரல் நிறம். ஆங்காங்கே வெள்ளைப் பூப்பு. தடிக் காம்பால் தட்டினால் சில இடத்தில் 'கிண்', சில இடத்தில் 'பொத்'. அந்த 'பொத்'துதான் பயம். மேல்பூச்சு அடித்தரையைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நடக்க நடக்க உடைந்து, விளிம்பு காலைக் கிழிக்கும்.

பாக்கிக் கூலியைப் பிடித்து வை, தரையைப் படம் எடுத்து அனுப்பு என்றான் கோயமுத்தூரில் இருக்கிற மச்சினன். நகரத்தில் அது சரிதான். அங்கே கொத்தனாரை நீங்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை. இவர் நாளைக்குக் காலையில் டீக்கடையில் என் பக்கத்தில் உட்காருவார். அதற்காகச் சும்மா விடுவதும் ஆகாது. கெட்ட வேலையை முறைக்காக மூடி மறைத்தே ஊரில் பாதி வீடு ஒழுகுகிறது.

கூப்பிட்டேன். வந்ததும், "இப்ப வர்ற சிமெண்டே செரியில்லீங் தம்பி" என்றார். விளையாத வருஷம் நாங்கள் விதையைத் திட்டுவது மாதிரி. நான் பதில் சொல்லவில்லை. தடியைக் கையில் கொடுத்து, "தட்டிப் பாருங்கண்ணா" என்றேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து தட்டினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சித்தாளிடம் சாக்பீஸ் கேட்டு வாங்கி, பொத்துச் சத்தம் வந்த இடமெல்லாம் வட்டம் போட்டார். நான் கண்டது ஐந்து இடம். அவர் போட்டது எட்டு.

"ரெண்டு கட்டம் பேக்கோணும். எனக்குக் கூலி வேண்டாம், பொருள் மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார்.

சித்தாள் கூலி யார் தருவது என்று கேட்டேன். அவர்கள் ரெண்டு பேரும் சொன்னதைச் செய்தவர்கள். மறுவேலை என்றால் எல்லா இடத்திலும் முதலில் அடிபடுவது அவர்கள் சம்பளம்தான். கொத்தனார் தலையைச் சொறிந்தார். அம்மா உள்ளேயிருந்து, "அவங்க கூலிய உன்ற கூலியில இருந்து குடு, கெளம்பிப் போனது நீதான" என்றார். அவர் மறுக்கவில்லை. பொருளும் மறுகூலியும் போக மீதி பாக்கியை வேலை முடிந்த அன்று சாயங்காலமே நான் கொடுத்துவிட்டேன்.

காவித் தரையில் ஒட்டுப் போட முடியாது. எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் ஒட்டு தனியாகத் தெரியும். அதனால் கோட்டுக்குக் கோடு முழுக் கட்டமாகவே வெட்டி எடுத்தார். அடித்தரையைக் கொத்தி, கழுவி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, சிமெண்ட் பால் அடித்துப் போட்டார். இந்தத் தடவை சிமெண்டையும் ஆக்சைடையும் ஒரேயடியாகச் சலித்துக் கலந்து வைத்துக்கொண்டார், சாக்குகள் சன்னலில் தொங்கின, இருட்டுகிறவரை முழங்கால் போட்டுத் தேய்த்தார். வெள்ளைப் பூப்பு என்பது சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து படிவது. எங்கள் போர்த் தண்ணி உப்பு வேறு. வினிகரில் நிறையத் தண்ணி கலந்து துடைத்து, நல்ல தண்ணியில் கழுவியதும் பெரும்பாலும் போய்விட்டது. மூன்றாவது கட்டத்து மயிர்க்கோடுகளை விட்டுவிட்டோம், அவை மேலோடு நிற்பவை. தரை நன்றாகக் காய்ந்த பிறகு சொந்தத் தேங்காயில் ஆட்டிய எண்ணெயைத் தொட்டுத் தேய்த்ததில் நிறம் ஓரளவு ஒன்றோடொன்று சேர்ந்தது.

மாட்டு ஈரல் கட்டம் மட்டும் அப்படியே தெரிகிறது. அம்மா துண்டை அதில்தான் விரிக்கிறார், சன்னல் காற்று அங்கேதான் வருகிறதாம். பின்கட்டு அறை ஒன்று பாக்கி இருக்கிறது. காற்று நின்று புரட்டாசி பிறந்ததும் ஆரம்பிக்கலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். முன்பணம் கேட்டார். கிடையாது, அன்றன்றைக்குச் சாயங்காலம் எண்ணித் தருகிறேன், தேய்க்கிற அன்றைக்கு மட்டும் வேறு எங்கேயும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். சரி என்றார்.