எங்க வீட்டு சேப்பாக்கம் சண்டை

சேப்பாக்கம் ஸ்டேடியம் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அப்பா பழசு, சித்தப்பா புதுசு.

1999-ல் பாகிஸ்தானிடம் நாம் 12 ரன்னில் தோற்ற டெஸ்ட்டை அப்பா நேரில் பார்த்தவர். சச்சின் 136 அடித்தும் தோல்வி. ஆனாலும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியதாம். "அந்தப் படிக்கட்டை இடிச்சாங்க, அந்த சேப்பாக்கமும் போச்சு" என்பார்.

"தூண் மறைச்சு பாதி மேட்ச் தெரியாததை மட்டும் சொல்ல மாட்டியே!" இது சித்தப்பா. 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய கேலரிகளுக்குக் கூடாரம் மாதிரி கூரை. தூண் தொல்லை இல்லை, கடல் காத்தும் வருது. (நம்ம ஊர் வெயிலுக்கு அது சும்மாவா?)

"கட்டி என்ன? ஐ, ஜே, கே மூணையும் 2012-ல பூட்டிட்டாங்களே!" அனுமதிப் பிரச்சினையாம். டிக்கெட் கிடைக்காமல் ஜனங்கள் வெளியே, காலி சீட்டுகள் உள்ளே. பல வருஷம் இப்படியே. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சித்தப்பாவும் அப்பா கட்சிதான். 2023-ல் இன்னொரு புது கேலரியும் திறந்தாச்சு.

அப்பா இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அடுத்த மேட்ச்சுக்கு மூணு டிக்கெட் எடுக்கிறேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கார். அப்பா வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல.