மருதனார்மடத்தில் ஒரு புதிய மடம்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பஸ் வண்டி, கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ ஐந்தாவது மைலில் ஒரு சந்தியில் நிற்கிறது. "மருதனார்மடம் இறங்கிறவை வாங்கோ" என்று நடத்துனர் குரல் கொடுத்தார். நாம் இறங்கினோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் வெயில் தணிந்துகொண்டிருந்தது.

ஊரின் பெயரிலேயே மடம் இருக்கிறது. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பிரயாணஞ் செய்த காலத்தில், யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடங்களும் கேணிகளும் சுமைதாங்கிகளும் அமைத்தனர் நம் முன்னோர். பருத்தித்துறையிலே, தெருவையே மூடி நிற்கும் தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். மடத்தின் திண்ணையில் எவரும் இருக்கலாம். இருப்பதற்குக் கூலி இல்லை. வழிப்போக்கர் சந்தித்தனர், விலைவாசி பேசினர், செய்தி பரிமாறினர். அக்காலத்துச் சபா மண்டபமும் அதுவே, வணிகர் கூடமும் அதுவே.

இன்றைய மருதனார்மடத்தில் அந்தப் பணியைச் சந்தை செய்கிறது. சுற்றிலும் உள்ள செம்மண் தோட்டங்களின் கத்தரிக்காயும் மரவள்ளிக் கிழங்கும் வாழைக்குலையும் இங்கே வந்து குவிகின்றன. சற்றுத் தள்ளி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண் கல்விக்கென நிறுவி 1913இல் திறந்த இராமநாதன் கல்லூரி நிற்கிறது. ஆஞ்சநேயர் ஆலயமும், இசையும் நடனமும் பயிலும் பல்கலைக்கழகப் பிரிவும் இவ்வூரிலேயே உள்ளன. வாங்கவும் கற்கவும் வணங்கவும் மனிதர் கூடும் ஊர் இது.

ஆயின், 2020 டிசெம்பரில் கூடுதலே இவ்வூருக்குக் குற்றமாயிற்று. கொரோனா நோய் சந்தையில் பரவியது. பத்திரிகைகள் 'மருதனார்மடம் கொத்தணி' என்று எழுதின. சந்தை மூடப்பட்டது, சுற்றுவட்டாரப் பள்ளிகளும் மூடப்பட்டன. வழிப்போக்கரை வரவேற்ற மடத்தின் பெயர், அணுகக் கூடாத இடத்தின் பெயராகிவிட்டது. அந்நாளிலேதான் இவ்வூர்ப் பிள்ளைகள் பலர் கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் கூடக் கற்றனர்.

அப்படிக் கற்றவருள் ஒருத்தியைக் காணவே நாம் சென்றிருந்தோம். அவள் எம் நண்பரின் மகள். முகாமைத்துவம் பயிலும் மாணவி. "வாங்கோ மாமா, கடை திறந்திருக்கு" என்று சிரித்தபடி விறாந்தைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே மேசைமேல் இருந்த கணினித் திரையில் ஒரு கடை தெரிந்தது. தட்டுகளில் பொருள்கள்; நடுவே காசு மேசை; அதன் பின்னே சேலையணிந்த ஒரு பாவை. அப்பாவையே அவள்! வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் உள்ள உடன்மாணவியர் இருவரும் தத்தம் வீட்டிலிருந்தபடியே பாவைகளாகக் கடைக்குள் நடந்து வந்தனர்.

எம்மையும் ஒரு வாடிக்கையாளராக்கினர். "பழுதான பொருளைத் திருப்பிக் கொண்டு வந்தவர் நீங்கள், கோபமாய்ப் பேசுங்கோ மாமா" என்றாள். நாமும் சற்று மிகையாகவே கோபித்தோம். அவள் பொறுமையாகக் கேட்டாள், பற்றுச்சீட்டைப் பார்த்தாள், வேறு பொருள் தர முன்வந்தாள். பின்னர் மூவரும் தம் பேச்சிலிருந்த குறைகளை ஆராய்ந்தனர். தொழில் பழகாத ஒருத்தியைத் தன் வாடிக்கையாளரிடம் பழகிப் பார்க்க எந்த முதலாளி விடுவான்? இங்கே நூறு முறை தவறினாலும் ஒரு சதமும் நட்டமில்லை.

இந்தக் கடை நிற்கும் நிலத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 2003இல் அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் 'செக்கண்ட் லைஃப்' என்னும் மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. 2007இல், அவ்வுலகைப் பார்ப்பதற்கான மென்பொருளின் மூல நிரலை அது எல்லோருக்கும் வெளியிட்டது. அதே ஆண்டில் தன்னார்வலர் சிலர், அதனோடு பொருந்தும் உலகத்தைத் தாமே நடத்துவதற்கான மென்பொருளை எழுதத் தொடங்கினர். 'ஓப்பன்சிமுலேற்றர்' என்பது அதன் பெயர். அதை எவரும் விலையின்றி எடுக்கலாம், திருத்தலாம், தம் கணினியில் நிறுவலாம். அதில் ஒரு நிலப்பகுதி வழக்கமாக 256 மீற்றர் நீளமும் அதேயளவு அகலமும் கொண்டது. நம் ஊர்க் கணக்கில் 250 பரப்புக்கு மேல்! உறுதி எழுதாமலே கிடைக்கும் காணி.

இஃது பிள்ளை விளையாட்டன்று. 2008இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் அறிஞர் 200 பேருக்கு மேற்பட்டோரைச் செக்கண்ட் லைஃபில் கூட்டி மாநாடு நடத்தியது. ஏறத்தாழ 80,000 டொலர் செலவிட்டு, பிரயாணச் செலவு முதலியவற்றில் 320,000 டொலர் மிச்சம் பிடித்ததாக அது கணக்கிட்டது. ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்றூஸ் பல்கலைக்கழகத்தினர், இடிந்து கிடக்கும் தம் ஊர்ப் பேராலயத்தை 1318ஆம் ஆண்டில் இருந்தவாறே ஓப்பன்சிமுலேற்றரில் எழுப்பினர். அதே பல்கலைக்கழகத்தில், இத்தகைய உலகங்களில் கல்வி புகட்டும் முறையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர், நம் நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்திக்க பெரேரா.

"விலையில்லை என்பதுதான் இதன் சிறப்பா?" என்று கேட்டோம். "அது பாதிதான் மாமா, திறப்பு எங்கட கையில் இருக்கு" என்றாள் அவள். உண்மையே. 2023 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் 'ஆல்ட்ஸ்பேஸ்' உலகத்தை மூடியது. அங்கே கூடியவர்களின் மண்டபங்களும் அரங்குகளும் அதனோடு மறைந்தன. 2024 மே மாத முடிவில் மொஸில்லா நிறுவனமும் தன் 'ஹப்ஸ்' சேவையை நிறுத்தியது. ஆனால் ஹப்ஸின் மூல நிரல் திறந்ததாகையால், விரும்பியோர் அதை எடுத்துச் சென்று தம் சேவையகங்களில் தொடர முடிந்தது. ஒன்று வாடகை மண்டபம். மற்றது ஊரார் மடம். மண்டபத்துக்காரர் பூட்டினால் தெருவில் நிற்க வேண்டியதே. மடத்தையோ, கட்டியவர் போனாலும் மற்றவர் கூரை மேய்ந்து காக்கலாம்.

குறைகளையும் மறைக்கலாகாது. சற்று வலுவான கணினி வேண்டும். இணைப்பு மெலிந்தால் பாவை நடுவழியில் மரம்போல் நின்றுவிடும். அன்று எமக்கும் அவ்வாறே நேர்ந்தது. மடத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டியது போல, இதனையும் பராமரிக்கக் கற்றவர் வேண்டும். வெறுமனே பேசுவதற்கு இவ்வளவும் தேவையில்லை. 'ஜிற்சி' போன்ற திறந்த மூலக் காணொளிக் கூட்ட மென்பொருளே போதும்.

மாலை ஆறரை மணியளவில் கடைக்குள் இன்னொரு பாவை வந்து கை அசைத்தது. ரொறன்ரோவில், காலை ஒன்பது மணிக்கு எழுந்து அமர்ந்திருந்த மூத்த மகன்! இக்கடை இயங்கும் சேவையகத்துக்கு மாத வாடகை செலுத்துபவர் அவரே. வீட்டுக்கு வந்து எட்டாண்டுகளாகின்றன. அடுக்களையிலிருந்து வந்த தாயார், திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "பொம்மை வேண்டாம் பிள்ளை, முகத்தைக் காட்டச் சொல்லு" என்றார். மகள் கடையை மூடிக் காணொளியைத் திறந்தாள். "ஒழுங்காச் சாப்பிடுறியோ?" என்று தாயார் கேட்டதும், விறாந்தை முழுவதும் அமைதியாயிற்று. தொழில் பழகப் பாவை போதும்; தாய்க்கு முகம் வேண்டும். எதற்கு எது என்று அறிந்து கொள்வதும் கல்வியே.

இருள் சூழ்ந்தபின் சந்திக்குத் திரும்பினோம். சந்தையில் மிஞ்சிய வாழைக்குலைகளை ஒருவர் வண்டியில் ஏற்றிக் கொண்டிருந்தார். நம் மக்கள் இன்று ஊரூராக அன்றி, கண்டங்கண்டமாகச் சிதறி வாழ்கின்றனர். அவர்கள் கூடிப் பேசவும் தொழில் பழகவும் மடங்கள் வேண்டும். அவற்றைப் பிறரிடம் வாடகைக்கு எடுப்பதோடு நின்றுவிடாமல், கட்டவும் காக்கவும் நம் மாணவர் கற்பாராக. பட்டினம் செல்லும் பஸ் வண்டி வந்தது, நாம் ஏறிக்கொண்டோம்.