மார்க்ஸ் குடும்பத்துக் கல்லறை

லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் மார்க்ஸின் அந்தப் பெரிய வெண்கலத் தலையைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கீழே பதித்திருக்கும் பெயர்களையும் தயவுசெய்து படியுங்கள். அங்கே ஒரு குடும்பமே இருக்கிறது.

முதலில் மார்க்ஸின் மனைவி ஜென்னி, 1881 டிசம்பரில். மார்க்ஸ் 1883 மார்ச்சில். அதே மாதம் நாலு வயதுப் பேரன் ஹாரி. 1890இல் ஹெலன் டெமுத். இந்த நாலாவது பெயரில்தான் நான் நெடுநேரம் நின்றேன். அந்த வீட்டில் சமைத்து, பிள்ளைகளை வளர்த்து, இல்லாமையையும் சேர்ந்து சுமந்தவர் அவர். வேலைக்கு வந்தவரைத் தங்கள் குழியிலேயே சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை இருக்கும்? 1898இல் இறந்த மகள் எலினோரின் சாம்பல் 1956இல்தான் இங்கே வந்து சேர்ந்தது.

லண்டனின் சோஹோ பகுதியில் வறுமையில் வாழ்ந்தபோது இறந்த அவர்களுடைய குழந்தைகள் இங்கே இல்லை. 1852இல் கைக்குழந்தை பிரான்சிஸ்கா இறந்தபோது சவப்பெட்டிக்கே இரண்டு பவுண்டு பிறரிடம் கேட்டு வாங்கினார் ஜென்னி. இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்குவதில்லை.

இன்னொன்று: இது இந்தக் குடும்பத்தாரைப் புதைத்த முதல் இடமல்ல. 1954இல்தான் இங்கே மாற்றினார்கள். லாரன்ஸ் பிராட்ஷா செய்த சிலை 1956இல் வந்தது. பழைய இடம் சற்றுத் தள்ளி உள்ளே இருக்கிறது; விரிசல் விட்ட எளிய கல் ஒன்றுதான் அடையாளம். போகிறவர்கள் அதையும் கேட்டுப் பாருங்கள்.