கல்லூரி மலரும் மாணவ ஆசிரியரும்

கல்லூரி ஆண்டு மலருக்கு வந்து குவிவது பெரும்பாலும் கவிதை. அம்மா, நட்பு, மழை ஆகியவற்றைத் தாண்டுவது அபூர்வம். கைபேசியில் சுற்றிய வரிகளும் அவற்றில் கலந்திருக்கும். ஒரு வரியை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டே கவிதையை ஏற்பது நல்லது. விடுதிச் சமையலறை விடியற்காலையில் எப்படி இயங்குகிறது, முதல் பேருந்தைப் பிடித்து வரும் மாணவி எப்போது படிக்கிறாள் என்பதையெல்லாம் யாரும் தாமாக எழுதித் தருவதில்லை. அவை கேட்டு வாங்க வேண்டியவை. ‘ஏதாவது எழுதிக் கொடு’ என்றால் மறுபடி கவிதைதான் வரும். பொருளையும் பக்க அளவையும் சொல்லி, அதற்குரிய ஆளிடம் ஒப்படைப்பதில்தான் மலர் ஆசிரியரின் பணி தொடங்குகிறது.

மொழி கைவந்த மாணவர் ஆசிரியரானால், வந்ததையெல்லாம் தாமே மாற்றி எழுதிவிடும் ஆசை எழும். அப்படிச் செய்தால் மலர் முழுவதும் ஒரே குரலில் ஒலிக்கும். எழுதியவரும் அடுத்த முறை எட்டிப் பார்க்க மாட்டார். உடன்படிப்பவரிடம் சம்பளம் தந்தோ அதிகாரம் காட்டியோ வேலை வாங்க முடியாது. ‘இதை யார் சொன்னார்?’, ‘எத்தனை பேர்?’ என்று ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தால் நாள் பிடிக்கும், ஆனால் கட்டுரை எழுதியவருடையதாகவே இருக்கும். எழுத்துப்பிழை, ஒற்று, தகவல் சரிபார்ப்பு ஆகியவை ஆசிரியர் பொறுப்பு. வெட்டுவதானால் அச்சுக்கு முன்பே எழுதியவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மெய்ப்பைத் தாளில் எடுத்து, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் ஒப்பிட்டுப் பார்ப்பதே பழைய, நம்பகமான முறை. ஆனால் ண-ன, ர-ற, ல-ள மயக்கம் பலர் பேச்சில் காதுக்குத் தெரியாது. அதற்குக் கண்ணே துணை. பாமினி போன்ற எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறக்கூடும். தலைப்பையும் படக்குறிப்பையும் எல்லோரும் சரியென்றே நம்பிக் கடந்துவிடுவதால் பெரிய பிழைகள் அங்கேதான் தங்குகின்றன. பெயர்களை வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிடுவது நலம்.

நடுவில் பின் அடிக்கும் மலரின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 65 பக்கம் வந்தால் ஒன்றைக் குறைக்க வேண்டும், அல்லது மூன்றைக் கூட்ட வேண்டும். முதல்வரின் வாழ்த்துரை கடைசியில்தான் வரும் என்பதால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிவைப்பது அனுபவசாலிகள் வழக்கம்.

மலரின் ஆசிரியர் குழு ஆண்டுதோறும் கலைவது. இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே துணை ஆசிரியராக வைத்து, கோப்புகள், எழுத்துருக்கள், அச்சகக் கணக்கு எல்லாவற்றையும் பழக்க வேண்டும். மலர் அச்சாகி வரும்போது இறுதியாண்டினர் பலர் ஊர் திரும்பியிருப்பர். அவர்களுக்கான பிரதிகளை எடுத்துவைத்து அனுப்புவது புதிய ஆசிரியரின் முதல் வேலை.