ஒரு கழித்தல் கணக்கு

  இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன வாரம் போன் செய்தான். பையன் என்கிறேனே தவிர, அவனுக்கே நாற்பது வயது. ஊரப்பாக்கத்தில் ஃபிளாட் வைத்திருக்கிறான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அதை விற்றுவிட்டுத் தாம்பரம் பக்கம் பெரிய வீடாகப் போக நினைக்கிறான். எட்டு மாதமாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "சொல்றோம் சார்" என்று போய்விடுகிறார்களாம். "டீச்சர், நான் நெனச்ச வெல வரல. மார்க்கெட் ஏறட்டும்னு காத்திருக்கவா?" என்று கேட்டான். இதே கேள்வியோடு எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் ஓடியது. அதனால் அவனுக்குச் சொன்னதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு எங்கள் முடிச்சூர் வீடு தெரியும். அரை கிரவுண்டு மனை. 1998-ல் கட்டினோம். கீழே ஹால், சமையலறை, ஒரு ரூம். பிறகு மேலே ஒரு ரூம் எடுத்தோம். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தெருவில் படகு வந்தது. எங்கள் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். அதற்குப் பிறகு பயத்தில் படுக்கையை மாடிக்கு மாற்றினோம். என் வீட்டுக்காரருக்கோ முழங்கால் வலி. ஒவ்வொரு ராத்திரியும் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறுவார். 2016-ல் நான் ஓய்வு பெற்றதும், லிஃப்ட் இருக்கிற ஒரு ஃபிளாட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். மகள் கூடுவாஞ்சேரியில் இருப்பதால் அடுத்த ஸ்டேஷனான பொத்தேரியைப் பார்த்தோம். ரயில் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம்.

பக்கத்துத் தெருவில் வெள்ளத்துக்கு முன்னால் இதே அளவு வீடு ஒன்று 72 லட்சத்துக்குப் போயிருந்தது. அந்த 72 இவர் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. "அதுக்குக் கீழ ஒரு ரூபா கொறையக் கூடாது" என்றார்.

நாங்கள் வீட்டை விற்க ஆரம்பித்தது 2016 ஆகஸ்ட். அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. எங்கள் வீட்டுக்கு அப்ரூவல் இருந்தது. ஆனால் வாங்க வந்தவர்களில் இரண்டு பேர், ஊர்ப்பக்கம் இருந்த மனையை விற்று அந்தப் பணத்தில் இதை வாங்க நினைத்தவர்கள். அவர்கள் மனை பதிவாகவில்லை, எங்களுக்குப் பணம் வரவில்லை. ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் வண்டியெல்லாம் நிற்கும் என்று ரயில்வேக்காரரான இவரே சொன்னார். நவம்பர் 8-ம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். ரொக்கம் வைத்திருந்தவர்கள் காணாமல் போனார்கள்.

2017 மே மாதம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான், ஆனாலும் "கொஞ்சம் பார்ப்போம்" என்று எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஜூன் 9-ம் தேதி தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. முத்திரைக் கட்டணம் 7 சதவீதம் அப்படியே இருந்தது. ஆக 8 என்பது 11 ஆனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போடுகிறவருக்கு, 100 ரூபாய்க்கு 8 ரூபாய் கட்டியது போய், 67 ரூபாய்க்கு 7 ரூபாய் 37 காசு ஆனது. அவருக்கு லாபம். கொடுத்த விலை முழுவதையும் பத்திரத்தில் காட்டுகிறவருக்கோ 50 லட்சத்துக்கு 4 லட்சமாக இருந்தது ஐந்தரை லட்சம் ஆனது. ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. "ஜி.எஸ்.டி. ரோட்டுல வீடு வாங்கினா ஜி.எஸ்.டி. உண்டா?" என்று இவர் கிண்டல் செய்வார். கட்டி முடித்து, நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்குக் கிடையாது. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு உண்டு.

இப்படி இரண்டு வருஷத்துக்குள் ஐந்து அடி. இதில் எங்கள் வீட்டுக்குத் தனியாக இன்னொரு அடி, அந்தத் தண்ணீர். "சுவத்துல கறை தெரியுது, பெயின்ட் அடிச்சுடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் புரோக்கர். பெயின்ட் அடித்தோம். ஆனால் பார்க்க வருகிறவர்களிடம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "2015-ல் இதோ இந்த உயரத்துக்குத் தண்ணி வந்தது" என்று ஜன்னலைத் தொட்டுக் காட்டிவிடுவேன். புரோக்கருக்கு என் மேல் கோபம். மூன்று குடும்பம் போனது போனதுதான். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் சொல்லாமல் விற்றிருந்தால் எனக்கு எந்த மழைக்காலத்திலும் தூக்கம் வந்திருக்காது.

கடைசியில் வாங்கியவர் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தவர். "எனக்குத் தெரியாதா டீச்சர்? அந்தத் தண்ணியில நானும்தானே நின்னேன்" என்றார். அவர் பிள்ளைகள் பள்ளியும், அம்மாவின் வீடும் அங்கேயே. மேலே இன்னொரு ரூம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தார். கேட்ட விலை 58 லட்சம்.

அன்று ராத்திரி இவர் சாப்பிடவே இல்லை. "பதினாலு லட்சம் நஷ்டம். இருபது வருஷ உழைப்பு" என்றார். நான் பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். உங்களுக்கெல்லாம் கடன் வாங்கிக் கழிப்பது சொல்லிக் கொடுத்தவள் அல்லவா?

2016-ல் நாங்கள் நினைத்தபடி விற்றிருந்தால் 72. பொத்தேரியில் இரண்டு ரூம் ஃபிளாட்டுக்கு அப்போது 46 சொன்னார்கள். கழித்தால் 26 லட்சம் கையில். 2018-ல் நம் வீடு 58. அதே அடுக்ககத்தில் அதே அளவு வீடு 36-க்கு முடிகிற நிலை. கழித்தால் 22 லட்சம். ஆக நாம் இழப்பது 14 அல்ல, 4. மீதிப் பத்து லட்சத்தை இதே மந்தமான மார்க்கெட் மறுகையில் திருப்பிக் கொடுத்துவிட்டது. 72 வரும்வரை காத்திருந்தால், அந்த 36 மட்டும் அதே இடத்தில் நமக்காக நிற்குமா?

நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மோர் இருக்கா?" என்று கேட்டார். சம்மதம் என்று அர்த்தம்.

பொத்தேரி வீட்டை விற்றது பெங்களூரில் வேலை பார்த்த ஒரு தம்பி. காலேஜ் மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கடன் வாங்கி வாங்கியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் அப்படி வாங்கிப் பூட்டிக் கிடந்த வீடுகள் பல. அவருடைய அப்பாதான் சாவியோடு வந்தார். "எம் பையனுக்கு இது நஷ்டம்மா" என்றார். எங்கள் ஹாலில் இவர் சொன்ன அதே வார்த்தை! இன்னும் அழுத்தினால் 34-க்கு முடியும் என்று புரோக்கர் காதோடு சொன்னார். இவர் கேட்டார்: "விக்கும்போது ஒரு நாக்கு, வாங்கும்போது ஒரு நாக்கா?" 36-க்கே பேசி முடித்தோம்.

மிச்சக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 22 லட்சத்தில் பத்திரச் செலவு 36 லட்சத்துக்கு 11 சதவீதம், 3,96,000. இரண்டு பக்கமும் புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம், மொத்தம் 94,000. மீதி 17,10,000. அதில் 15 லட்சத்தை அக்டோபரில் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டார். அப்போது வட்டி 8.7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 32,625 ரூபாய் வந்தது. முடிச்சூரில் விலைக்காகக் காத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பணம் சுவரில்தான் இருந்தது, ஒரு பைசா வட்டி தரவில்லை.

இப்போது ஊரப்பாக்கம் பையனுக்கு. உன் கணக்கு எங்களுடையதை விட நல்ல கணக்கு, ஏனென்றால் நீ சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகிறாய். உதாரணத்துக்கு உன் வீடு 50, போக நினைக்கிற வீடு 90 என்று வை. கையிலிருந்து போடுவது 40. மந்தத்தில் இரண்டுமே பத்து சதவீதம் இறங்கினால் 45, 81. போடுவது 36. நீ ஆசைப்படுகிற மாதிரி இரண்டும் பத்து சதவீதம் ஏறினால் 55, 99. போடுவது 44. விற்பதில் ஐந்து லட்சம் கூடக் கிடைக்கும், வாங்குவதில் ஒன்பது லட்சம் கூடப் போகும். பத்திரச் செலவும் விலையோடு ஏறும். 2023 ஏப்ரலிலிருந்து வழிகாட்டி மதிப்பு பழைய அளவுக்குத் திரும்பி, பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது. முத்திரைக் கட்டணத்தோடு சேர்த்து 9. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: இரண்டு இடத்திலும் விலை ஒரே மாதிரி இறங்கியிருக்க வேண்டும். நீ விற்கும் இடம் மட்டும் இறங்கி, வாங்கும் இடம் இறங்காமல் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு இடத்திலும் சமீபத்தில் நிஜமாகவே பத்திரம் ஆன விலையை விசாரி. விளம்பரத்தில் போடுவது விலை அல்ல, ஆசை.

எல்லாருக்கும் சில வார்த்தைகள்:

1. முதலில் விற்பனை ஒப்பந்தம், பிறகுதான் வாங்குவதற்கு அட்வான்ஸ். மந்தமான காலத்தில் வாங்கக் கிடைக்கும் வீடு நிறைய, விற்க ஆள்தான் கிடைக்காது. ஒப்பந்தத்தில் வீட்டைக் காலி செய்ய 90 நாள் கேட்டு எழுதிக்கொண்டோம். அதற்குள் வாங்கிக் குடி போய்விட்டோம்.

2. தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் விற்கத் தொடங்கும் முன்பே கையில் இருக்கட்டும். அபூர்வமாக வரும் ஆளைக் காகிதத்துக்காகக் காக்க வைக்காதீர்கள். ஃபிளாட் வாங்கினால் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள்.

3. வீடு விற்ற லாபத்தில், விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ, விற்ற பிறகு இரண்டு வருஷத்துக்குள்ளோ வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வருமான வரிச் சலுகை உண்டு. ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால், வங்கியில் அதற்கென்று உள்ள கணக்கில் பணத்தைப் போட்டு வைக்க வேண்டும். ஆடிட்டரைக் கேளுங்கள்.

4. விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால், வாங்குகிறவர் ஒரு சதவீதம் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். எங்களுக்கு 58,000 பிடித்தார்கள். ரிட்டர்னில் கணக்குக்கு வந்தது.

5. வீட்டின் குறையை நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் வாங்குகிறவர் பின்னால் சண்டைக்கு வர மாட்டார்.

இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பொத்தேரிக்கு வந்த பிறகு காலையில் லிஃப்டில் இறங்கி, மெதுவாக ஸ்டேஷன் வரை நடந்து, பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். செங்கல்பட்டு வண்டி, தாம்பரம் வண்டி, நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் என்று பார்த்து, எது எத்தனை நிமிஷம் லேட் என்று வந்து எனக்குச் சொல்வார். பேத்தி பள்ளி விட்டு நேரே இங்கே வந்துவிடுவாள். கொரோனா மாதங்கள் போக, 2022-ல் அவர் காலமாகும் வரை இப்படித்தான் இருந்தார். கிடைத்தது நாலு வருஷம். முடிச்சூரில் 72 வரட்டும் என்று இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தால், அதில் பாதிதான் மிஞ்சியிருக்கும். மீதியை அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி கழித்திருப்பார். நான் அன்று நோட்டில் எழுதாமல் விட்ட வரி அது. 4 லட்சத்துக்கு எதிரே அதை எழுதிப் பாருங்கள்.

விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் நல்லபடியாக முடித்து, பால் காய்ச்சும்போது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொத்தேரியிலிருந்து மின்சார ரயிலில் எங்கே கூப்பிட்டாலும் வந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்